ஆதிமூலம் எங்கே உட்காருவார்

1

இந்தக் கதை என் மனதில் தானாக உதித்தது அல்ல. கேட்டு வாங்கப்பட்டது. போன வாரம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பி, "அருளானந்தம், குருத்து ஞாயிறு வருது. வீட்டுக்கு ஒருத்தரையாவது புதுசா கோயிலுக்கு அழைச்சிக்கிட்டு வரணும்னு ஜனங்க மனசைத் தூண்டுற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடு. பிரசங்கம் நான் பண்ணிக்கிறேன். நீ கதை மாதிரி எழுது" என்றார்.

எழுதியதைத் திண்டிவனத்து அச்சுக்கூடத்துக்கு அனுப்பி, மாதா மாதம் வரும் பங்குத் தாளில் போட்டு, குருத்து ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பதாக ஏற்பாடு. எழுத்துத் தெரியாதவர்களுக்காக நானே அதைப் பூசை முடிந்ததும் கோயிலில் வாசிக்க வேண்டும். யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியும் காகிதக் கட்டுப்பாடு போன பாடில்லை. ஆகையால் இரண்டு பக்கம் என்றால் இரண்டே பக்கம்தான்.

நான் இந்த ஊர் உபதேசியார். செஞ்சிக்கு மேற்கே இரண்டு கல் நடந்தால் எங்கள் ஊர் வரும். பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் சொல்லிக்கொடுப்பது, வேளைக்கு மணி அடிப்பது, பூசையில் முன்னின்று ஜெபம் சொல்வது, ஜனங்களை ஒழுங்காக உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. கதை எழுதுவது என் வேலை அல்ல என்று சாமியாரிடம் சொல்லியிருக்கலாம். புகழுக்கு ஆசைப்பட்டுச் சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

2

தொடக்கம் ஒன்று: "அன்பான விசுவாசிகளே, நம்மைச் சுற்றிலும் இருளில் தவிக்கும் அஞ்ஞானிகளின் கூட்டத்தை—"

(அடித்துவிட்டேன். நான் எழுதப்போகிற மனிதர் இருளில் தவிக்கவில்லை. காலை நாலரை மணிக்கே எழுந்து வேலைக்குப் போகிறவர். நான் எழுந்து மணி அடிக்கும் நேரத்தில் அவர் அரைப் பாத்தி தண்ணீர் பாய்ச்சியிருப்பார்.)

தொடக்கம் இரண்டு: "ராஜகிரி மலை உச்சியில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—"

(இதையும் அடித்தேன். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அதை நான் வர்ணிக்க வேண்டுமா? எழுத வராதவன்தான் மலையைப் பிடித்துக்கொள்வான்.)

தொடக்கம் மூன்று: "யாகப்பன் நல்ல மனிதர்."

இது நிற்கட்டும். இது உண்மை. உண்மையாக இருப்பதால்தான் இதற்கு மேல் எழுதத் தொல்லையாக இருக்கிறது.

3

யாகப்பனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்குக் கீழே மூன்று ஏக்கர் மல்லாட்டையும் கேழ்வரகும் வைத்திருக்கிறார். வம்பு தும்புக்குப் போகாதவர். ஒரு காரியத்தைச் செய் என்றால் சொன்னபடி அட்சரம் பிசகாமல் செய்கிறவர். அவருடைய கிணற்றில் கவலை ஓட்டுகிறவர் ஆதிமூலம். மாடுகள் சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னுக்கு நடந்து ஏறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். முப்பது வருஷமாக ஆதிமூலம் அந்தச் சரிவில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார். சேரியில் வீடு. ஞானஸ்நானம் பெறாதவர். அவருடைய அண்ணன் பிள்ளைகள் சிலர் நம் வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள், அவர் சேரவில்லை.

(முதல் படியில் ஆதிமூலத்தை 'அவன்' என்று எழுதியிருந்தேன். இந்தப் படியில் 'அவர்'. நேரில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசுகிறேன். பேச்சில் வராத மரியாதை எழுத்தில் மட்டும் வருவது நடிப்புதான். தெரிந்தே நடிக்கிறேன்.)

போன வருஷம், அதாவது 1946இல், தவக்காலத்தில் சாமியார் இதே வேண்டுகோளை வைத்தார். குருத்து ஞாயிறுக்கு ஆளுக்கு ஒருவரை அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். எப்படி அழைப்பது என்று விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்: "சும்மா 'வா'ன்னு கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க. புதுசா வர்றவங்களுக்கு எப்ப முட்டி போடணும், எப்ப எழுந்திரிக்கணும்னு தெரியாது. பூசையோ லத்தீன். கூச்சப்படுவாங்க. அதனால 'எம்பக்கத்துல உக்காந்துக்கோ, நான் சொல்றேன்'னு சொல்லிக் கூப்பிடுங்க."

நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னீர்கள். சாமியாரும் பிறகு கேள்விப்பட்டு மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

மறுநாள் காலை யாகப்பன் நான் சொன்னபடியே செய்தார். தினமும் யாரோடு அதிகம் பேசுகிறாரோ அவரைக் கூப்பிட்டார். அந்தப் பேச்சை இரண்டு பேருமே எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு சொல் மாறாமல்.

"ஆதிமூலம், வர்ற ஞாயித்துக்கெழம குருத்தோலத் திருநாளு. கோயிலுக்கு வர்றியா?"

"நானா? நான் வந்து இன்னா ஆண்டே பண்ணுவேன்? எப்ப கும்புடறது, எப்ப எழுந்துக்கறதுன்னு ஒன்னும் தெரியாதே."

"அதுக்கு இன்னா? எம்பக்கத்துல குந்திக்கோ. நான் முட்டி போட்டா நீயும் போடு. நான் எழுந்தா நீயும் எழுந்துக்கோ."

ஆதிமூலம் மாட்டை நிறுத்திவிட்டாராம்.

"உங்க பக்கத்துலயா?"

"ஆமா. பின்ன?"

"உள்ள உடுவாங்களா?"

"பட்டணத்துலதான் கோயிலுக்குள்ள உடலாமா கூடாதான்னு கூட்டம் போட்டுப் பேசறானுங்க. எங்க கோயில்ல அந்தப் பேச்சே கெடையாது."

யாகப்பன் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் அதை முழுக்க நம்பினார். அவரை நான் எத்தனை முறை குறை சொன்னாலும் இந்த இடத்துக்கு வரும்போது என் வாய் அடைத்துவிடுகிறது.

4

(இந்தப் பகுதியை நம் ஊர்க்காரர்கள் தாண்டிப் படிக்கலாம். பங்குத் தாள் நாலு நாளில் செஞ்சி பஜாருக்குப் போய் வறுகடலை மடிக்கும் காகிதமாகிவிடும். கடலையைத் தின்றுவிட்டுப் படிக்கும் அந்நியர் யாராவது இருந்தால் அவருக்காக எழுதுகிறேன்.)

எங்கள் கோயிலின் நடுக்கூடம் மேற்கிலிருந்து கிழக்காக நீண்டது. தெற்குப் பக்கம் ஒரு சிறகு வெளியே நீட்டியிருக்கிறது. கூடத்துக்கும் சிறகுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கிராதி. கூடத்தில் ஊர்த்தெரு ஜனங்கள் உட்காருவார்கள். சிறகில் சேரி ஜனங்கள் உட்காருவார்கள். எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எல்லோருக்கும் ஒரே பூசை, ஒரே சற்பிரசாதம். வாசல் மட்டும் வேறு வேறு.

குருத்து ஞாயிறு ஒன்றுதான் விலக்கு. அன்று எல்லோரும் ஓலையைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். பெரிய கதவு சாத்தியிருக்கும். சிலுவைக் கம்பின் அடியால் கதவைத் தட்டியபின் அது திறக்கும், அத்தனை பேரும் அந்த ஒரு வாசல் வழியாக நுழைவார்கள். நுழைந்தபின் சேரி ஜனங்கள் கிராதியில் உள்ள சந்து வழியாகத் தங்கள் பக்கம் போய்விடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கால்களுக்கே தெரியும்.

ஆதிமூலத்தின் கால்களுக்குத் தெரியாது. அவர் உள்ளே வந்ததே இல்லை.

யாகப்பனுக்குத் தெரியாதா என்று கடலைக்காரர் கேட்பார். ஐம்பது வருஷமாக அந்தக் கிராதியின் ஓரத்திலேயே உட்கார்ந்து பழகியவர் அவர். தினம் பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை. புதியவரை அழைத்து வாருங்கள் என்று சொன்ன சாமியாருக்கும், பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள் என்று சொன்ன எனக்கும், ஆகா என்று சொன்ன உங்களுக்கும் அது கண்ணில் படவில்லை. வருகிறவர் நம்மைப் போலவே ஒருவராக இருப்பார் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டோம்.*

* இந்த வாக்கியத்தைச் சாமியார் அடிக்கக்கூடும். அடித்தால் நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. ஆகவே நீங்கள் படித்துக்கொண்டிருந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

5

அந்த ஞாயிறு காலை ஆதிமூலம் வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றியிருந்தார். யாகப்பனின் சம்சாரம் ஜோசப்பின் அவர் கையில் ஒரு குருத்தோலையைக் கொடுத்தாள். கோயிலைச் சுற்றி வரும்போது ஆரம்பத்தில் ஊர்த்தெருவார் முன்னும் சேரியார் பின்னும் போனார்கள். வாசலுக்கு வந்ததும் வழக்கம்போல நெரிசலில் வரிசை கலைந்தது. யாகப்பனும் ஆதிமூலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஆதிமூலம் கழுத்தை நிமிர்த்தி மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மணிதானா? இத்த வெச்சுத்தான் மாட்ட அவுக்கறேன். முப்பது வருசமா" என்றார்.

கதவு மூன்று முறை தட்டப்பட்டது. கதவு திறந்தது. எல்லோரும் உள்ளே

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை. 'கதவு தட்டப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். யார் தட்டியது? காற்றா? அதைப் பிறகு சொல்கிறேன்.)

6

முடிவு வராததால் முடிவுகளைத் தனியாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. ஆதிமூலம் யாகப்பனின் பக்கத்தில் உட்காருகிறார். பூசை முடியும்போது அவர் கண்களில் நீர் வழிகிறது. அடுத்த பாஸ்குத் திருநாளுக்கு ஞானஸ்நானம் பெற்று சூசை என்று பெயர் வைத்துக்கொள்கிறார். சாமியார் கேட்டது இதுதான். இரண்டு பக்கத்துக்குள் அழகாக அடங்கும். இதை எழுதும்போது என் பேனா வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முடிவு ஆ. யாகப்பன் சுற்றும் முற்றும் பார்க்கிறார், கிராதி அவர் கண்ணில் படுகிறது. அவர் எழுந்து, ஆதிமூலத்தோடு கிராதிச் சந்து வழியாக, சிறகில் சேரி ஜனங்களுக்கு நடுவில் போய் உட்காருகிறார். இதை எழுதியபோது நானே அழுதேன். யாகப்பனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்டி பண்ணியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தத் தாளை நான் கிழித்தேன்.

முடிவு இ. ஆதிமூலம் தானாகவே சிறகுப் பக்கம் போய் உறவினர்களோடு உட்கார்ந்துகொள்கிறார். எல்லோருக்கும் திருப்தி. நடந்ததற்கு இது மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. 'தானாகவே' என்ற ஒரு சொல்தான் பொய். மூன்று முடிவுகளிலும் இதுதான் மகா பொய், ஏனென்றால் இதை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

மூன்றையும் மறுபடி படித்தேன். மூன்றிலும் ஒரு ஆள் இல்லை. சாமியார் இருக்கிறார், யாகப்பன் இருக்கிறார், ஜோசப்பின்கூட இருக்கிறாள். ஜனங்களை உட்கார வைக்கிற உபதேசியாரைக் காணோம்.

7

கதவைத் தட்டியது நான்.

சிலுவையைத் தூக்கி வந்து, அதன் அடிக்கம்பால் மூன்று முறை தட்டினேன். கதவு திறந்ததும் சிலுவையைச் சுவரில் சாய்த்துவிட்டு நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், கிராதிச் சந்துக்கு முன்னால், போய் நின்றேன். யாகப்பன் தெற்கு ஓரமாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினார். ஆதிமூலம் ஓலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அந்த வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அவர்கள் பெயர் வேண்டாம். அவர்கள் யாகப்பனைப் பார்க்கவில்லை, ஆதிமூலத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. யோசித்துச் செய்திருந்தால் கெட்டவன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நான் நேராகப் போய், உட்காரப்போனவரின் மணிக்கட்டைப் பிடித்து, "வா, உன் எடம் அந்தப் பக்கம்" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வழி தவறிய ஒருவருக்கு வழி காட்டும் குரலில், அன்பாகச் சொன்னேன்.

ஆதிமூலம் யாகப்பனைப் பார்த்தார். யாகப்பன் தன் கையிலிருந்த ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆதிமூலம் என்னோடு வந்தார். சந்து வழியாகச் சிறகுக்குள் கொண்டுபோய் விட்டேன். அங்கே அடைக்கலம் என்ற பெரியவர் நகர்ந்து இடம் விட்டு, "இப்டி குந்து தம்பி" என்றார். ஆதிமூலம் உட்காரவில்லை. நின்றார். பாடுகளின் வாசகத்தில் ஆண்டவர் உயிர் விடும் இடம் வந்தபோது கூடத்திலும் சிறகிலும் இருந்த அத்தனை பேரும் முழந்தாளிட்டோம். எப்போது முட்டி போட வேண்டும் என்று ஆதிமூலத்துக்குச் சொல்வதாக இருந்தவர் கிராதிக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஆகவே கோயில் முழுக்க ஆதிமூலம் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் எழுந்தபோது அவர் பக்க வாசலைக் கடந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கவலைக்கு வந்தார். அன்று முதல் ஆதிமூலம் வேலை செய்யும் நேரத்தில் யாகப்பன் கிணற்றுப் பக்கம் போவதில்லை. அவருக்குக் கூழ் கொண்டுபோவது ஜோசப்பின்தான். நான் ஒரு வருஷமாக எல்லோரிடமும் யாகப்பனைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். 'கூப்பிட்டவன் எழுந்து வந்திருக்க வேண்டாமா' என்று அடைக்கலத்திடமே கேட்டேன்.

அவர், "கூப்ட்டவரு கூப்ட்டாரு. கையப் புடிச்சது யாரு சாமி?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை இன்னும் அழகாக எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

8

முந்தாநாள் நான் கிணற்றுக்குப் போனேன். மற்றவர்களை ஆள் அழைக்கச் சொல்லி எழுதுகிறவன் தான் ஒருவரை அழைக்க வேண்டாமா என்பது ஒரு காரணம். கதைக்கு முடிவு கிடைக்குமா என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரிது என்று கேட்காதீர்கள்.

கவலை ஓட்டுகிறவரோடு பேசுவது சுலபம் அல்ல. ஒரு வாக்கியம் சொல்வார், மாடுகளோடு சரிவில் இறங்கிப் போய்விடுவார். அடுத்த வாக்கியத்துக்கு அவர் பின்னுக்கு ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"இன்னா உபதேசியாரே, இவ்ளோ தூரம்?"

இறங்கிப் போனார். தண்ணீர் கொட்டியது. ஏறி வந்தார்.

"குருத்து ஞாயிறு வருது. வர்றியான்னு கேக்கலாம்னு வந்தேன்."

"எங்க குந்தணும்?"

இறங்கிப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு பதில் தயார் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஏறி வந்துவிட்டார்.

"கேட்டேனே?"

"நீ எங்க உக்காரணும்னு நெனைக்கிற?"

"நான் இன்னா நெனைக்கறது. நானா கேட்டேன், உங்க பக்கத்துல குந்தறேன்னு? அவரு கூப்ட்டாரு. வந்தேன். சும்மா தரையில குந்தணும்னா எங்க ஊட்லயே எடம் இருக்குது."

இறங்கிப் போனார். பிறகு மாடுகளைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு ஏறினார்.

"போன வருசம் நடந்தது என் தப்பு" என்றேன். இதைச் சொல்லத்தான் போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"சரி" என்றார். பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, மன்னித்த மாதிரியும் தெரியவில்லை.

"அப்ப வரமாட்ட?"

"வரமாட்டேன்னு யாரு சொன்னா? வர்றேன். பூசைய முழுசா ஒரு தபா பாக்கணும். உள்ள வந்து நடுவுல நிப்பேன். யாரனா 'இங்க வா, எம்பக்கத்துல குந்து'ன்னா போய்க் குந்துவேன். யாரும் சொல்லலன்னா நின்னு பாத்துட்டு வந்துடறேன். எனக்கு நிக்கறது ஒன்னும் கஷ்டம் இல்ல." சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க மட்டும் கையப் புடிக்காதீங்க."

பிடிக்க மாட்டேன் என்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

9

இரண்டு பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது. சாமியாரிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. ஒளித்துவைத்துக்கொண்டு விளையாடவில்லை. அது இன்னும் நடக்கவில்லை. அது வரும் ஞாயிறு காலை ஏழரை மணி சுமாருக்கு, கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் நடக்கும். அச்சுக் கோப்பவருக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்: இதன் கீழே நாலு விரற்கடை வெற்றிடம் விடவும், காகிதம் வீணாகிறது என்று வேறு எதையும் போட்டு நிரப்ப வேண்டாம்.

நீயே கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். உபதேசியாருக்கு உட்கார இடம் கிடையாது. பூசை முழுக்க நான் நிற்கிறவன், நடக்கிறவன். என் பக்கத்தில் உட்கார் என்று ஒருவரைச் சொல்ல எனக்குப் பக்கம் என்று ஒன்று இல்லை. (சாக்குதான். ஊர்த்தெருவார் அளக்கும் நெல்லில் பிழைக்கிறவன் வேறு என்ன சாக்குச் சொல்வான்? ஆனாலும் சந்துக்கு முன்னால் அன்று நிற்கமாட்டேன். சிலுவையைச் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொள்வேன். என்னால் இவ்வளவுதான் முடிகிறது, இது போதாது என்றும் தெரிகிறது.)

சிறகில் உட்காருகிறவர்களே, உங்களில் யாராவது கூப்பிட்டால் ஆதிமூலம் வருவார், மரியாதையாக உட்காருவார். போன வருஷமே அடைக்கலம் கூப்பிட்டார். உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

கூடத்தில் உட்காருகிறவர்களே, யாகப்பன் மூன்றாம் வரிசையில் வழக்கமான இடத்தில் இருப்பார். அவர் இந்த முறை வாயைத் திறப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டேன். எழுந்து போய்விடவில்லை, அவ்வளவுதான். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்காருகிறவர்கள் நீங்கள்தான். அவர் தரையைத் தட்டும்போது அங்கே தரை இருக்க வேண்டும்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.